செங்கடலில் அறுந்தால் சிரம்பானில் ஏன் தாமதம்?

லண்டனில் படிக்கும் அக்காவோடு நேற்றுவரை காணொலியில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள். இன்று ஒரு கேள்வி கேட்கிறீர்கள்; பதில் வரவில்லை என்று நினைத்து மறுபடி கேட்கிறீர்கள்; அதே நேரத்தில் அக்காவின் முதல் பதில் வந்து சேர்கிறது. இருவரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்தி, "நீ சொல்லுக்கா", "இல்ல, நீ சொல்லு" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அப்பா வந்து இணைய வேகத்தைச் சோதித்துப் பார்க்கிறார். 300 எம்பிபிஎஸ், வழக்கம்போல. "இணையம் நல்லாத்தானே இருக்கு" என்கிறார்.

அப்பா சொல்வது சரி. உங்கள் குறையும் சரி. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். அதற்குக் கொஞ்சம் கடலுக்கு அடியில் போகவேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் 'இணைய வேகம்' என்று சொல்வது உண்மையில் வேகமே அல்ல, அது கொள்ளளவு. ஒரு வினாடியில் எவ்வளவு தகவல் உங்கள் வீட்டுக்குள் வரமுடியும் என்ற அளவு. நெடுஞ்சாலையில் எத்தனை தடங்கள் இருக்கின்றன என்பதைப் போன்றது. தடங்களை இரண்டிலிருந்து ஆறாக்கினால் ஒரே நேரத்தில் நிறைய கார்கள் போகலாம். ஆனால் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மீட்டர்கூடக் குறையாது. ஒரு கார் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேறு அளவு. இணையத்தில் அதற்குத் தாமதம் என்று பெயர். விளையாட்டுப் பிரியர்களுக்கு அது 'பிங்' என்ற பெயரில் அறிமுகம். அதை மில்லிவினாடியில் அளக்கிறோம். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அப்பா செய்த சோதனை, பொதுவாக உங்களுக்கு மிக அருகில் இருக்கும் சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கும். அது கோலாலம்பூரில் இருக்கலாம், சைபர்ஜெயாவில் இருக்கலாம். அந்தத் தகவல் நாட்டைவிட்டு வெளியே போகவே இல்லை. வீட்டு வாசலில் சாலை நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தாய்லாந்து எல்லைவரை சாலை நன்றாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான் அது.

தூரத்தை எப்படி நேரமாக மாற்றுவது? நான்காம் படிவ இயற்பியலில் ஒளிவிலகல் எண் படித்திருப்பீர்கள். வெற்றிடத்தில் ஒளி வினாடிக்கு 300,000 கிலோமீட்டர் போகிறது. ஒளியிழையின் கண்ணாடியில் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.47. வகுத்துப் பாருங்கள்: வினாடிக்குச் சுமார் 204,000 கிலோமீட்டர் வரும். கணக்குக்கு வசதியாக 200,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒளி ஒரு மில்லிவினாடியில் 200 கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பவேண்டும் என்பதால், ஒவ்வொரு 100 கிலோமீட்டர் தொலைவுக்கும் ஒரு மில்லிவினாடி. மனக்கணக்காகவே போடக்கூடிய அழகான எண் இது, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்துச் சிங்கப்பூரைப் பாருங்கள்: கோலாலம்பூரிலிருந்து கேபிள் வழியில் 400 கிலோமீட்டர் என்று கொண்டால் 4 மில்லிவினாடி. அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் பசிபிக் வழியாக 17,000 கிலோமீட்டர் என்று கொண்டால் 170 மில்லிவினாடி. இந்தியப் பெருங்கடல், செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் வழியாக லண்டனுக்கு 15,000 கிலோமீட்டர் என்று கொண்டால் 150. இவை ஒளியின் பயண நேரம் மட்டுமே. வழியில் உள்ள கருவிகள் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். ஆனால் இவற்றுக்குக் கீழே போக எந்த நிறுவனத்தாலும் முடியாது, நீங்கள் மாதம் எவ்வளவு கட்டணம் கட்டினாலும் சரி. இயற்பியலுக்குச் சலுகை விலை கிடையாது.

இனி செங்கடல். 2025 செப்டம்பர் 6-ஆம் நாள், சவூதி அரேபியாவின் ஜெட்டா நகருக்கு அருகே எஸ்எம்டபிள்யூ-4, ஐமீவி என்ற இரண்டு கேபிள்கள் பழுதாயின. முதலாவது, சிங்கப்பூரிலிருந்து மலேசியா, இந்தியா, மத்தியக் கிழக்கு வழியாகப் பிரான்ஸ் வரை போகும் கேபிள். நம் மலாக்காவிலும் அது கரையேறுகிறது. இந்தியா, பாகிஸ்தான், ஐக்கிய அரபுச் சிற்றரசுகளில் இணையம் மந்தமானது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் அஷூர் மேகக்கணிமை வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தது. அதில் சேவை நின்றுவிட்டது என்று இல்லை. மத்தியக் கிழக்கு வழியாகப் போகும் தகவலுக்குத் தாமதம் கூடும் என்றுதான் இருந்தது. 'நின்றது' அல்ல, 'தாமதம்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள்.

ஏன் நிற்கவில்லை? இணையம் ஒரே கம்பியில் தொங்குவதில்லை. உங்கள் காணொலி, சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டுத்தான் போகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் ரூட்டர் என்ற கருவி பொட்டலத்தின் முகவரியைப் பார்த்து அடுத்த சந்திப்புக்கு அனுப்புகிறது. பெரிய நிறுவனங்களின் ரூட்டர்கள், "இந்த முகவரிக்கு என் வழியாகப் போகலாம்" என்று அண்டை ரூட்டர்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கேபிள் அறுந்ததும் "அந்த வழி இனி இல்லை" என்ற செய்தி பரவும். சில நிமிடங்களுக்குள் வேறு வழி கண்டுபிடிக்கப்பட்டுவிடும். மனிதர் யாரும் பொத்தானை அழுத்தவேண்டியதில்லை.

ஆனால் அந்த வேறு வழி எது? இங்கேதான் பலர் ஏமாந்துபோவார்கள். ரூட்டர் கிலோமீட்டரைப் பார்த்து வழி தேர்ந்தெடுப்பதில்லை. எத்தனை நிறுவனங்களின் வலையமைப்பைக் கடக்கவேண்டும், எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, எந்த வழி மலிவு என்பவைதான் அதற்கு முக்கியம். வரைபடத்தில் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு உலகைச் சுற்றிக்கொண்டு போவது அதற்கு ஒன்றும் விந்தையல்ல.

செங்கடல் மூடப்பட்டால் லண்டனுக்கு ஒரு வழி கிழக்கே போவது. பசிபிக்கைக் கடக்க 17,000 கிலோமீட்டர், அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே தாண்ட 4,500, அட்லாண்டிக்கைக் கடக்க 6,500. மொத்தம் 28,000. நம் மனக்கணக்கின்படி 280 மில்லிவினாடி. 150 இருந்த இடத்தில் 280. அக்காவோடு நீங்கள் முட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான். தொலைபேசி உரையாடலில் ஒருவர் குரல் மற்றவர் காதுக்குப் போய்ச்சேர 150 மில்லிவினாடிக்கு மேல் ஆகாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. சுற்றுவழியில் ஒளியின் ஒருவழிப் பயணத்துக்கே 140 போய்விடுகிறது. ஒலியை எண்களாக மாற்றவும் திரும்ப ஒலியாக்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும்.

இணையப் பக்கம் திறப்பதிலும் இதே கதைதான். பாதுகாப்பான ஒரு பக்கத்தைத் திறக்க, உங்கள் கணினியும் சர்வரும் முதலில் கைகுலுக்கி, பிறகு மறைக்குறியீடு பேசி, அதன்பின்தான் பக்கத்தைக் கேட்கவேண்டும். குறைந்தது மூன்று முறை போய்வரவேண்டும் என்று வையுங்கள். 150 வீதம் 450 மில்லிவினாடி. 280 வீதம் 840. ஏறக்குறைய ஒரு வினாடி வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், இன்னும் ஒரு எழுத்துகூட வராமல்.

சுற்றுவழி நிரம்பினால்

தூரம் பாதிக் கதைதான். மீதிப் பாதி நெரிசல்.

பெருநாள் காலத்தில் ஊருக்குத் திரும்பும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே உள்ள மெனோரா சுரங்கப்பாதை அன்று மூடப்பட்டால் என்ன ஆகும்? எல்லாக் கார்களும் பழைய சாலைக்கு இறங்கும். அந்தச் சாலை கொஞ்சம்தான் நீளம் கூடுதல். ஆனால் அதில் ஏற்கெனவே அதற்குரிய வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன. நேரம் போவது தூரத்தால் அல்ல, வரிசையால்.

ரூட்டருக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. வெளியே போகும் கேபிள் நிரம்பியிருந்தால் பொட்டலங்கள் அதன் நினைவகத்தில் காத்திருக்கும். கேபிள் பாதி நிரம்பியிருக்கும்வரை இந்தக் காத்திருப்பு கண்ணுக்கே தெரியாது. முக்கால் பங்கைத் தாண்டி நூறை நெருங்க நெருங்க வரிசை மளமளவென்று நீளும். நினைவகமும் நிரம்பிவிட்டால் ரூட்டர் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடும். ஆமாம், எறிந்தேவிடும். பெறுபவரிடமிருந்து "வந்துவிட்டது" என்ற பதில் வராததால், அனுப்பிய கணினி அதை மறுபடி அனுப்பும். விளையாட்டில் உங்கள் வீரர் ஓரிடத்தில் உறைந்து நின்று, திடீரென்று பத்தடி தள்ளித் தோன்றுவது இப்படிப் பொட்டலம் தொலைந்த நேரங்களில்தான்.

பிங் நிலையாக 280 என்று இருந்தால் அது தூரத்தின் வேலை. ஒருமுறை 180, அடுத்து 420, அடுத்து 260 என்று ஆடினால் அது வரிசையின் வேலை. மாலை ஏழிலிருந்து பதினொன்றுவரை மோசமாகி, விடியற்காலையில் சரியானாலும் வரிசைதான். கடலில் உள்ள கேபிளுக்கு இரவு பகல் தெரியாது. அதைப் பயன்படுத்தும் நமக்குத்தான் தெரியும்.

இதற்கெல்லாம் நம் வட்டாரம் கண்ட மிகப் பெரிய பாடம் 2006 டிசம்பர் 26. ஆசிய ஆழிப்பேரலைக்குச் சரியாக இரண்டு ஆண்டு கழித்து அதே நாள். தைவானின் தென்முனையில் ஹெங்சுன் அருகே இரவு 8.26 மணிக்கு 7 அளவில் நிலநடுக்கம். கடலடியில் மண் சரிந்தது. சேறும் மணலும் கலந்த நீர் ஆறுபோலப் பள்ளத்தாக்கு வழியே மணிலா அகழியை நோக்கிப் பாய்ந்தது. போகும் வழியில் கேபிள்களை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தது. 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில்கூட. மொத்தம் ஒன்பது கேபிள்கள். கிழக்காசியாவின் கேபிள்கள் பெரும்பாலும் தைவானுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடையே உள்ள அந்த லூசோன் நீரிணை வழியாகவே போடப்பட்டிருந்ததுதான் கேடாகப் போயிற்று. தைவான், ஹாங்காங், சீனா, சிங்கப்பூர், மலேசியா என எல்லாரும் பாதிக்கப்பட்டனர். தென்கொரியாவில் அந்நியச் செலாவணி வர்த்தகம்கூடத் தடைபட்டது. ஆசியாவில் அண்டை நாட்டுக்குப் போகவேண்டிய தகவலில் ஒரு பகுதி, பசிபிக்கைத் தாண்டி அமெரிக்கா போய்த் திரும்பி வந்தது. எல்லாவற்றையும் சரிசெய்யப் பதினொரு கப்பல்களுக்கு 49 நாள்கள் தேவைப்பட்டன.

அறிவியலுக்கு அதில் ஒரு லாபமும் கிடைத்தது. எந்தக் கேபிள் எந்த நிமிடம் அறுந்தது என்பது துல்லியமாகப் பதிவாகியிருந்தது. இரண்டு கேபிள்களுக்கு இடையே உள்ள தூரத்தை நேர இடைவெளியால் வகுத்தால் கடலடிச் சேற்றாற்றின் வேகம் கிடைத்துவிடும். 1929-இல் கனடாவுக்கு அப்பால் கிராண்ட் பேங்க்ஸ் நிலநடுக்கத்தில் 12 தந்திக் கேபிள்கள் வரிசையாக அறுந்தபோதும், பிற்பாடு இதே கணக்கைத்தான் ஆய்வாளர்கள் போட்டார்கள்.

நிலநடுக்கம் அரிது. உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கேபிள் பழுதுகள் ஏற்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் மீன்பிடி வலைகளும் கப்பல் நங்கூரங்களும்தான். சுறா கடித்த கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அது கதையாகத்தான் சுவையானது. ஆழம் குறைந்த இடங்களில்தான் ஆபத்து அதிகம். மலாக்கா நீரிணையும் தென்சீனக் கடலின் தென்பகுதியும் ஆழம் குறைந்தவை, கப்பலும் மீன்பிடிப் படகும் நிறைந்தவை. அதனால் கரைக்கு அருகே கேபிளுக்கு இரும்புக் கம்பிக் கவசம் போட்டு, கடலடி மண்ணுக்குள் புதைக்கிறார்கள். வியட்நாமியர்களைக் கேளுங்கள், கேபிள் பழுதைப் பற்றி அவர்கள் நிறையச் சொல்வார்கள். நம் மெர்சிங்கில் தொடங்கி அமெரிக்காவரை போகும் ஏஏஜி கேபிள் அங்கே அடிக்கடி பழுதாகிப் பேர் வாங்கியது. 2023 பிப்ரவரியில் அந்நாட்டின் ஐந்து அனைத்துலகக் கேபிள்களிலும் ஒரே காலத்தில் கோளாறு இருந்தது.

டோங்கா தீவுகளின் நிலை இன்னும் மோசம். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்தபோது, ஃபிஜிக்குச் செல்லும் அதன் ஒரே அனைத்துலகக் கேபிள் அறுந்தது. சுற்றுவழி என்று ஒன்று இல்லை. ஐந்து வாரங்களுக்குச் செயற்கைக்கோளை நம்பியிருக்கவேண்டி வந்தது. பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குக் கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்க, ஒளி வேகத்தில் போனாலும் 480 மில்லிவினாடி ஆகும். நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கடலுக்குள் எங்கே என்று எப்படித் தெரியும்?

ஆழ்கடலில் கிடக்கும் கேபிள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயின் பருமன்தான். நடுவே தலைமுடி போன்ற சில கண்ணாடி இழைகள். சுற்றிலும் எஃகுக் கம்பி, செப்புக் குழாய், பாலித்தீன் உறை. செப்பு எதற்கு? ஒளி போகப்போக மங்கும். அதனால் 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒளிப்பெருக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். கரையிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அது செப்பின் வழியே போகிறது.

இந்த இடத்தில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. பாலித்தீன் வருவதற்கு முன்பு, அந்தக் காலத் தந்திக் கேபிள்களுக்கு உறையாக இருந்தது மலாய்த் தீவக்கூட்டத்துக் காட்டு மரத்தின் பால். மலாயில் கெத்தா பெர்ச்சா. 1840-களில் சிங்கப்பூரிலிருந்துதான் அது ஐரோப்பாவுக்கு அறிமுகமானது. உப்புநீரில் கெடாத அந்தப் பிசின் இல்லாமல் ஆழ்கடல் தந்தியே இல்லை. மெட்ராசிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வந்த முதல் தந்திக் கேபிளும் அப்படித்தான், 1870-களின் தொடக்கத்தில். அந்த மரங்களைத் தேவைக்கு மேல் வெட்டித் தள்ளினார்கள் என்பது வருந்தத்தக்க மறுபக்கம்.

சரி, பழுதான இடத்துக்கு வருவோம். கரை நிலையத்திலிருந்து இழைக்குள் ஓர் ஒளித்துடிப்பை அனுப்புவார்கள். அறுந்த முனையில் பட்டு ஒரு பகுதி திரும்பி வரும். 12 மில்லிவினாடி கழித்து எதிரொளி வந்தது என்றால், போக ஆறு, வர ஆறு. ஆறு மில்லிவினாடியில் 1,200 கிலோமீட்டர். கப்பல் அங்கே போகவேண்டும். நீங்கள் எதிரொலியைக் கொண்டு தொலைவைக் கணக்கிடக் கற்றீர்களே, அதே சூத்திரம், ஒலிக்குப் பதில் ஒளி.

எல்லாப் பழுதும் அறுந்துபோவதல்ல. சில வேளை உறை மட்டும் கிழிந்து மின்சாரம் கடல்நீரில் கசியும். இழை நலமாக இருக்கும். கரையில் மின்னழுத்தத்தைச் சரிக்கட்டிச் சில நாள்கள் ஓட்டிவிடலாம். ஆனால் சரிசெய்யும் கப்பல் வந்ததும் மின்சாரத்தை நிறுத்தியே ஆகவேண்டும். பழுது நடந்த அன்று ஒன்றும் தெரியாமல், 'பராமரிப்புப் பணி' என்று அறிவித்த வாரத்தில் இணையம் மந்தமாவது இதனால்தான்.

கப்பல் கொக்கியைக் கடலில் இறக்கி, கேபிளைப் பிடித்து, ஒரு முனையைத் தூக்கி மிதவையில் கட்டும். பிறகு மறு முனையைத் தேடும். ஆழத்தில் கிடப்பதை மேலே தூக்க நீளம் போதாது என்பதால், இரண்டுக்கும் நடுவே புதிய துண்டு ஒன்றைச் சேர்க்கவேண்டும். முடி அளவு இழைகளை ஒவ்வொன்றாக நேர்ப்படுத்தி உருக்கி ஒட்டுகிறார்கள், ஆடும் கப்பலுக்குள். இந்த வேலைக்கு ஏற்ற கப்பல்கள் உலகிலேயே சில டசின்கள்தான். புயல் வந்தால் காத்திருக்கவேண்டும். அனுமதிக்கும் காத்திருக்கவேண்டும்.

அனுமதி நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். மலேசியக் கடற்பகுதியில் இத்தகைய வேலையை உள்நாட்டுக் கப்பல்களே செய்யவேண்டும் என்பது கடலோரக் கப்பல் விதி. 2019-இல் கேபிள் பழுதுபார்க்கும் அந்நியக் கப்பல்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2020 நவம்பரில் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. கூகல், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் மறுபரிசீலனை கேட்டன. 2024 ஜூனில் விலக்கு திரும்பவும் நடப்புக்கு வந்தது. உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் கப்பல் கிடைக்கக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும், மேலே சொன்ன வரிசையில் உங்கள் பொட்டலம் நின்றுகொண்டிருக்கும். என்னைக் கேட்டால், விலக்கு திரும்பியது நல்லதே.

இனி உங்கள் வேலை

கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஓர் இணையத்தள முகவரியைக் கொடுங்கள். மூன்று தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மலேசியப் பல்கலைக்கழகம், ஒரு ஜப்பானியப் பல்கலைக்கழகம், ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகம். வரும் எண்ணை நூறால் பெருக்கினால், அதிகபட்சமாக எத்தனை கிலோமீட்டர் தொலைவில் அந்த சர்வர் இருக்கமுடியும் என்பது தெரியும். பிரிட்டிஷ் தளத்துக்கு 8 மில்லிவினாடி வந்தால் வியக்கவேண்டாம். அதன் பிரதி ஒன்று சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். யூடியூப் காணொலிகள் கேபிள் பழுதின்போதும் தடையின்றி ஓடுவதற்கும் இதுவே காரணம்: பலரும் பார்க்கும் காணொலிகளின் பிரதி ஏற்கெனவே அருகில் இருக்கிறது. அக்காவின் முகத்துக்கு அப்படி முன்கூட்டியே பிரதி எடுத்து வைக்கமுடியாது.

அடுத்து, கடலைக் குற்றம் சொல்வதற்கு முன் வீட்டைச் சோதியுங்கள். உங்கள் வீட்டு ரூட்டரின் முகவரிக்கே பிங் கொடுங்கள். பலர் வீட்டில் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1. ஓரிரு மில்லிவினாடி வரவேண்டும். அதுவே 80, 90 என்று வந்தால் செங்கடலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரண்டு சுவர் தாண்டி வைஃபை பிடிக்கிறீர்கள், அல்லது தம்பி பக்கத்து அறையில் பெரிய விளையாட்டு ஒன்றைப் பதிவிறக்கம் செய்துகொண்டிருக்கிறான்.

மூன்று எண்களையும் ஒரு வாரத்துக்கு, காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எங்கோ ஒரு கேபிள் அறுந்த செய்தி வரும்போது மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். மூன்றில் எது மாறியது, எது மாறவில்லை என்பதை வைத்தே, எந்தக் கடலில் பழுது என்று செய்தியின் இரண்டாம் பத்தியைப் படிப்பதற்கு முன் உங்களால் ஊகிக்கமுடியும்.